கழுத்து வலிக்காத வண்டி

ஸ்ரீரங்கம்
4-2-1963

கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை படித்துவிடச் சொல்லி, சாதிக் பாய்க்குப் பெரியண்ணன் எழுதுவது.

கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். மூன்றாம் வகுப்போடு வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனதால் என் எழுத்து இன்னும் மூன்றாம் வகுப்பிலேயே நிற்கிறது. படித்த ஆள் யாரையாவது வைத்து எழுதலாம் என்றேன். என் பெண்டாட்டி ராக்கம்மாள் விடவில்லை. "வாயால கெடுத்தது நீங்க. கையால நீங்களே எழுதுங்க" என்று பேனாவைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் நம்ம லைட் செட்டுக்கு மெக்கானிக்காக இருந்த ஆறு வருஷமும் உங்களுக்குக் காபி கொடுத்த பிறகுதானே எனக்குக் கொடுத்தாள்? நீங்கள் மெட்ராஸ் போன இந்த இரண்டரை வருஷமாக எனக்கு முதல் காபி கிடைக்கிறது. ஆனால் ருசி போய்விட்டது. சத்தியமாகச் சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் தை வெள்ளிக்கிழமை, லால்குடிப் பக்கம் ஒரு கோயில் விழாவுக்கு விளக்குப் போடப் போனோம். எஞ்சினும் டைனமோவும் வழக்கம்போல டிரெய்லர் மேலே. இழுக்க அமிர்தராஜின் காய்கறி வேன். ஆமாம், நீங்கள் கட்ட வேண்டாம் என்று சொன்ன அதே வேன்தான். கொள்ளிடம் பாலம் தாண்டி டோல்கேட் பக்கம் இறங்கும்போது டிரெய்லர் இடுப்பை ஆட்ட ஆரம்பித்தது. முதலில் கரகாட்டக்காரி மேளம் கேட்டது மாதிரி லேசாகத்தான். அமிர்தராஜ் பிரேக்கை மிதித்தார். அப்புறம் அது ஆடிய ஆட்டத்தில் வேனே குறுக்கே திரும்பிவிட்டது. டிரெய்லரில் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நம்ம ராசப்பன் ரோட்டோரம் போய் விழுந்தான். கை முறிந்தது. எதிரே அந்த நேரம் ஒரு ஈ காக்கை இல்லை. அது என் திறமை இல்லை.

சித்திரை மூன்றாம் தேதி சமயபுரம் தேர். கடைத்தெருவில் ஒரு வரிசை முழுக்க, தண்ணீர்ப் பந்தல் உள்பட, விளக்கு நம்முடையது என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு ஊரே அந்தப் பாலத்தில் நடந்துதான் போகும், உங்களுக்குத் தெரியும். அத்தனை ஜனத்துக்கு நடுவே இந்த ஆட்டக்காரியை இழுத்துக்கொண்டு அதே இறக்கத்தில் நான் இறங்க வேண்டும். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. எனக்கே சோறு இறங்கவில்லை என்றால் எப்படி என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால் இழுப்பதற்கென்றே சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கப் போகிறேன். இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று சிவப்பு. குட்டையாக, பளபளவென்று, எஞ்சின் புலி. இன்னொன்று பச்சை. ராணுவ ஏலத்தில் வந்தது, நீட்டமாக, மூக்கு சப்பையாக, கதவைச் சாத்தினால் பாத்திரம் உருண்ட சத்தம். எனக்குச் சிவப்பின் மேல் ஆசை. ராக்கம்மாள் சொல்லிவிட்டாள்: "சாதிக் அண்ணன் எதச் சொல்றாரோ அதுலதான் நானும் ராசப்பனும் ஏறுவோம்."

எது என்று ஒரு வரி எழுதுங்கள். சத்திரத்து டீக்கடையில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பேனா அந்தப் பக்கம் போக மாட்டேன் என்கிறது.

பெரியண்ணன்


புதுப்பேட்டை, சென்னை
9-2-1963

பெரியண்ணன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ராசப்பனுக்கு எந்தக் கை, எந்த இடத்தில் முறிவு, கட்டுப் போட்டது யார்? இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதைக் காணவில்லை.

பார்க்காத வண்டியை நல்லது என்று சொல்ல நான் தரகன் இல்லை. இங்கே என் மைத்துனரின் கடையில் பழைய சாமான் விற்கிறோம், ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்துத்தான் விற்கிறேன். ஆகவே சில அளவுகள் வேண்டும். ஊகம் வேண்டாம்.

எஞ்சின், டைனமோ, டீசல், ஒயர்க்கட்டு எல்லாவற்றையும் ஏற்றி டிரெய்லரை எடைமேடையில் நிறுத்துங்கள். இரண்டு வண்டிகளும் வெறுமனே எவ்வளவு எடை என்றும் பாருங்கள். முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடுவரை எவ்வளவு நீளம் என்று இரண்டிலும் அளந்து எழுதுங்கள். கொக்கியை எங்கே பொருத்தப் போகிறீர்கள்? பம்பரில் என்றால் இந்தக் கடிதப் போக்குவரத்தை இதோடு நிறுத்திக்கொள்ளலாம். அடிச்சட்டத்தில்தான் பொருத்த வேண்டும். அப்புறம் ஒவ்வொரு வண்டியையும் ஆள் இல்லாத ரோட்டில் இருபது மைல் வேகத்தில் ஓட்டிப் பிரேக் போட்டுப் பாருங்கள். எத்தனை அடியில் நிற்கிறது என்று எழுதுங்கள். எஞ்சின் புலியா பூனையா என்று நான் கேட்கவில்லை. இழுக்கிறது எல்லா வண்டியும் இழுக்கும்.

டிரெய்லர் மேல் இனி யாரும் உட்காரக் கூடாது. வாங்குகிற வண்டி எதுவானாலும்.

ஜனம் நடக்கிற பாலம் என்பதால் எழுதுகிறேன். சத்திரத்து டீக்கடையைப் பற்றி நீங்கள் எழுத வேண்டியதில்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது.

என் வீட்டில் ஷரீபா, ராக்கம்மாளுக்கு சலாம் சொல்லச் சொன்னாள். நோன்பு காலம், மேற்கொண்டு எழுதத் தெம்பில்லை.

ஜெகபர் சாதிக்


ஸ்ரீரங்கம்
16-2-1963

நோன்பிலும் கோபத்தைக் குறைக்காத சாதிக் பாய்க்கு,

இடது கை. மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல். பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டு. உங்கள் கடிதத்தை ராசப்பனிடம் படித்துக் காட்டினேன். "முதலாளிக்கு எஞ்சின் ஞாபகம், பாய்க்குத்தான் என் ஞாபகம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்குச் சுருக்கென்று இருந்தது. துடைக்க அவனுக்கு ஒரு கைதான் இருந்தது, அதையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்ட அளவெல்லாம் எடுத்தாயிற்று. டோல்கேட் அரிசி மில் எடைமேடையில் டிரெய்லரை நிறுத்தினேன். மில்காரர், "எத்தனை மூட்டைங்க?" என்றார். "வெளிச்சம் எத்தனை மூட்டைன்னு எனக்கெப்படித் தெரியும்" என்றேன். எல்லாம் சேர்த்து ஒரு டன்னுக்கு மேலே இரண்டு அந்தர், அதாவது இருநூறு பவுண்டு சொச்சம் கூட. சிவப்பு வண்டி அதைவிடக் கொஞ்சம் லேசு. பச்சை கிட்டத்தட்ட இரண்டு டன். சக்கரத்துக்குச் சக்கரம் ராக்கம்மாள்தான் முழம் போட்டாள், பூக்காரி பரம்பரை. சிவப்பு நாலரை முழம், பச்சை ஏழு முழம். பக்கத்தில் நின்றவன், "என்னம்மா, வண்டிக்கு மாலையா?" என்றான். "இல்லப்பா, எங்க வீட்டுக்காரருக்கு மாலை விழாம இருக்கத்தான் அளக்குறேன்" என்றாள். எப்படி இருக்கிறது பதில்?

பிரேக் போட்டுப் பார்த்ததில் பச்சை வண்டி அரைப் பனை நீளத்துக்குள் நின்றது. சிவப்பும் நின்றது, ஆனால் மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு. எஞ்சினைப் பற்றி எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதவில்லை. ஆனால் டிரெய்லரை மாட்டிப் பாலத்தின் மேட்டில் ஏற்றியபோது சிவப்பு, பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போவது மாதிரி போயிற்று. இதை எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிரெய்லரில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை, பாய். பாரம் நான் கட்டியது. இருபது வருஷம் கட்டை வண்டி ஓட்டியவன். ஏர்க்காலை, முன்னால் நீட்டியிருக்கிற அந்த இழுவைத் தண்டை, ஒற்றை விரலால் தூக்கலாம், அப்படி ஒரு சமம். வந்து பாருங்கள்.

இப்போது டீக்கடை. எழுத வேண்டாம் என்றீர்கள், இதில் மட்டும் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டேன். அன்றைக்கு நீங்கள், "இந்த வேன்ல கட்டினா நான் வர மாட்டேன், பிரேக் தாங்காது" என்றீர்கள். நான் அத்தனை பேர் முன்னால், "இவருக்கு எதுக்கெடுத்தாலும் பிரேக். இனிமே இவர் பேரு பிரேக் பாய்" என்றேன். கடையே சிரித்தது. சிரிப்பு வந்தால் எனக்கு அதுக்கு மேலே கண் தெரியாது. மறுநாள் பஸ் கண்டக்டர் வரைக்கும் உங்களை அப்படிக் கூப்பிட்டதும், பத்து நாளில் நீங்கள் மெட்ராஸ் ரயிலேறியதும் எனக்குப் பிறகுதான் சேர்ந்து புரிந்தது. ஒரு வேடிக்கைக்கு ஒரு மனுஷன் ஊரை விட்டுப் போவானா என்று உங்கள் மேலேயே கோபப்பட்டேன். இப்போது அந்தக் கோபத்தைத் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

பெரியண்ணன்


புதுப்பேட்டை
20-2-1963

அண்ணே,

பச்சை வண்டியை வாங்குங்கள்.

காரணம் சொல்கிறேன். சிவப்பு வண்டி டிரெய்லரைவிட லேசு. மேட்டில் வண்டி டிரெய்லரை இழுக்கும். இறக்கத்தில் டிரெய்லர் வண்டியைத் தள்ளும். தள்ளுகிறது பெரிய ஆளாக இருந்தால், தள்ளப்படுகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தும் பிரயோசனம் இல்லை. குட்டையான வண்டியின் வாலைப் பின்பாரம் சுலபமாகத் திருப்பிவிடும். ஏழு முழ வண்டி அப்படி எளிதில் திரும்பாது. பச்சையின் பிரேக் உருளை பெரியது, ராணுவச் சாமான், எனக்குத் தெரியும். அழகில்லை என்று நினைத்தால் பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள்.

கொக்கியை அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்குங்கள். கொக்கி கழன்றால் பிடித்துக்கொள்ள இரண்டு சங்கிலி வேண்டும், ஏர்க்காலுக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகப் போகிற மாதிரி. ஏர்க்கால் கழன்றாலும் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும், ரோட்டில் குத்தாது. டிரெய்லர் சக்கரத்தில் காற்று இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும்.

இனி எழுதப் போவதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பத்து நாலில் நான் பர்மா எல்லையில் ராணுவ டிரைவர். பாலக்கரையில் எங்கள் தெருவிலிருந்தே இன்னொருவனும் வந்திருந்தான், பஷீர் அகமது. மலை இறக்கத்தில் அவன் ஜீப் முன்னால், பின்னால் குண்டுப் பெட்டி ஏற்றிய டிரெய்லர். அதற்குப் பின்னால் என் லாரி. டிரெய்லர் ஆடியது. பஷீர் பிரேக் போட்டது எனக்குச் சிவப்பு விளக்கில் தெரிந்தது. டிரெய்லர் ஜீப்பைத் திருப்பி, விளிம்புக்கு அப்பால் கொண்டு போயிற்று. சத்தம் கூடப் பெரிதாக இல்லை. அவன் தாயாரிடம் நான்தான் வந்து சொன்னேன்.

அதற்குப் பிறகு எந்த வண்டியைப் பார்த்தாலும் பிரேக்கைப் பற்றித்தான் முதலில் கேட்கிறேன். ஷரீபாவுக்குத் தெரியும். வேறு யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி ஆட்கள் சிரித்தபோது எனக்கு அந்தச் சிவப்பு விளக்குத்தான் தெரிந்தது. உங்களிடம் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். டீக்கடையில் சொல்கிற விஷயமா அது?

ஜெகபர் சாதிக்


ஸ்ரீரங்கம்
1-3-1963

சாதிக் பாய்க்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. நாலு தடவை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நான் பேச்சில்லாமல் இருந்த ஒன்பது நாள் இதுதான் என்று ராக்கம்மாள் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

பாய், தெரியாது எனக்கு. தெரிந்திருந்தால் என் நாக்கை... வேண்டாம், நாக்கு இருந்தால்தான் மன்னிப்புக் கேட்க முடியும். மன்னித்துவிடுங்கள். இந்த வார்த்தையை நான் இதற்கு முன் எழுதியதே இல்லை, எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறேன்.

பெருநாள் நல்லபடியாக நடந்திருக்கும். பாலக்கரையில் உங்கள் தெருப்பக்கம் போனேன். உங்கள் பக்கத்து வீட்டு சாரா பீவி அம்மா ஒரு தூக்கு நிறையப் பிரியாணி கொடுத்து, "சாதிக்குக்கு லெட்டர் போட்டா நான் கேட்டேன்னு எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன். ராசப்பன் ஒற்றைக் கையால் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்தால் இன்னொரு கை எதற்கு என்று இருந்தது.

பச்சை வண்டி வாசலில் நிற்கிறது. வாங்கியாயிற்று. கொக்கி அடிச்சட்டத்தில், சங்கிலி குறுக்காக, காற்று ஒன்று போல. நீங்கள் எழுதியதை வரிக்கு வரி செய்தேன்.

ஆனால் பாய், டிரெய்லர் இன்னும் ஆடுகிறது.

நேற்று விடிகாலையில் ரோடு காலியாக இருக்கும்போது ஓட்டிப் பார்த்தேன். இருபது மைல் வரைக்கும் சாது. அதைத் தாண்டினால் இடுப்பை எடுக்கிறது. இறக்கத்தில் இன்னும் மோசம். பச்சை வண்டி அசையாமல் பிடித்துக்கொண்டது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சிவப்பாக இருந்தால் வேறு யாராவது எழுதியிருப்பார்கள். ஆனால் அந்த டிரெய்லரின் வால் ரோட்டின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் போய் வந்ததே, அங்கே ஜனம் நடந்தால்?

உங்கள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. என் மேலும் இல்லை. பாரத்தை அவிழ்த்து மறுபடியும் நானே கட்டினேன். எஞ்சின் அச்சுக்கு ஒரு சாண் பின்னால்தான் இருக்கிறது, ஏர்க்காலின் கனத்துக்கு ஈடாக. மாட்டுக் கழுத்தில் வைத்தால் நுகத்தடி சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும், அவ்வளவு லேசு. ராக்கம்மாளே ஒரு விரலால் தூக்கிக் கொக்கியில் மாட்டினாள்.

தேருக்கு இன்னும் நாற்பத்தைந்து நாள். கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டுவிடட்டுமா? நீங்கள் சொன்னால் செய்கிறேன். வருத்தப்பட மாட்டேன்.

பெரியண்ணன்


புதுப்பேட்டை
4-3-1963

அண்ணே,

கடையில் நின்றபடி எழுதுகிறேன். உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தேன். மைத்துனர் பயந்துபோய் எட்டிப் பார்த்தார். அப்புறம் சிரிக்க முடியவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

ஒற்றை விரலால் தூக்கலாம் என்று போன கடிதத்திலேயே எழுதியிருந்தீர்கள். உங்கள் வழக்கமான ஜம்பம் என்று தாண்டிவிட்டேன்.

அண்ணே, வண்டிக்குக் கழுத்து வலிக்காது.

மாட்டுக்குத்தான் முன்பாரம் ஆகாது. பிக்கப்புக்கு முன்பாரம்தான் வேண்டும். டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூட இருந்தாலும் நல்லது, கொக்கியின் மேல் அழுத்தி உட்கார வேண்டும். உங்களுடையதற்கு ஒரு அரிசி மூட்டை அளவு. அந்த அழுத்தம் இல்லாவிட்டால் டிரெய்லருக்குப் பிடிப்பு இல்லை, பின்னால் இருக்கிற கனம் அதை வாலாக ஆட்டும். வேகம் ஏற ஏற ஆட்டமும் ஏறும். ஆடும்போது பிரேக் போட்டால் இன்னும் திருப்பும். மாடு இரண்டரை மைல் வேகத்தில் போனதால் இருபது வருஷமும் உங்களுக்கு இது தெரியாமல் போயிற்று.

அச்சுக்கு முன்னால் எஞ்சினை நகர்த்துங்கள். ராக்கம்மாள் தூக்கினால் தப்பு. இரண்டு ஆண்பிள்ளைகள் முக்கி முனகித் தூக்கினால் சரி. அவ்வளவுதான், அதற்கு மேல் கனம் ஏற்றாதீர்கள், அப்புறம் வண்டியின் முன்சக்கரம் லேசாகிவிடும். அரிசி மூட்டையைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அன்றைக்கு டீக்கடையில் நானும் தப்பாகத்தான் சொன்னேன். பிரேக் பிரேக் என்றேன். அந்த டிரெய்லர் சக்கரத்துக்கு ஆறு வருஷம் கிரீஸ் போட்டவன், ஒரு நாள் கூட ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்ததில்லை. மாட்டுகிறது எப்போதும் நீங்களும் ராசப்பனும். பஷீரின் டிரெய்லரிலும் பெட்டிகள் பின்னால்தான் குவிந்திருந்தன. பின்கதவு வழியாக இறக்கச் சௌகரியம் என்று அப்படித்தான் ஏற்றுவோம். ஏற்றியதில் நானும் ஒருவன். இருபது வருஷமாக அவனுடைய பிரேக்கைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கடிதம் வராமல் இருந்தால் இது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். தெரிந்தது நல்லதா என்று இன்றைக்குச் சொல்ல முடியவில்லை. ஆனால் வாக்கைத் திருப்பி வாங்காதீர்கள்.

சாதிக்


ஸ்ரீரங்கம்
13-3-1963

பாய்,

முதலில் ஒன்று. பெட்டியை எங்கே ஏற்ற வேண்டும் என்று அன்றைக்கு உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இருபது வயசுப் பையன்களிடம் ஏற்று என்றார்கள், ஏற்றினீர்கள். இதை எழுதச் சொன்னது ராக்கம்மாள்; அவளிடம் மட்டும் மறைக்க முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நீங்களே ஆறு வருஷம் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னவர். இப்போது உங்களுக்கும் அது பொருந்தும்.

பட்டறை பிச்சமுத்துவிடம் போய், எஞ்சினை ஒரு முழம் முன்னால் நகர்த்த நாலு ஓட்டை போடு என்றேன். அவரும் பழைய வண்டிக்காரர். "முன்பாரமாயிடுமே, மாடு சாகுமேப்பா" என்றார். "மாடு பெட்ரோல் குடிக்குது, சாகாது" என்றேன். ஆனால் உங்களிடம் மறைக்கவில்லை. ஏர்க்காலை நானும் பிச்சமுத்துவும் முக்கித் தூக்கிக் கொக்கியில் வைத்தபோது, பச்சை வண்டி பின்பக்கம் நாலு விரல் தாழ்ந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. என்னை அறியாமல் அதன் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டேன். ராக்கம்மாள் பார்த்துவிட்டாள். "புல்லு கொஞ்சம் வாங்கிப் போடட்டுங்களா?" என்றாள். இந்த மாதம் பூராவும் இதுதான் எனக்கு.

விடிகாலை ரோட்டில் விட்டேன். இருபது. இருபத்தைந்து. முப்பதையும் தொட்டுப் பார்த்தேன். ராசப்பன் பிக்கப்பில் திரும்பி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தான். "என்னடா?" என்றேன். "ஒண்ணும் இல்லீங்க." "என்னடா ஒண்ணும் இல்ல?" "அதாங்க, ஒண்ணுமே இல்ல. நம்ம பின்னாடியே வருது." அந்த வார்த்தையைக் கேட்க எனக்கு எத்தனை நாள் ஆயிற்று பாருங்கள்.

சத்திரத்து டீக்கடைக்குப் போனேன். பஷீரைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். அதே பெஞ்சில் நின்று, "பிரேக் பாய்னு பேர் வச்சவன் மடையன், அந்த மடையன் நான்தான், எல்லாரும் கேட்டுக்குங்க" என்றேன். "அது எங்களுக்குத் தெரியும், டீயைக் குடிங்க" என்றார்கள். பழகிய ஊர், பாய். கொஞ்சம் கூட மரியாதை இல்லை.

தேருக்கு வருவீர்களா? வந்தால் இறக்கத்தில் முன்சீட்டில் நீங்கள்.

பெரியண்ணன்


ஸ்ரீரங்கம்
17-4-1963

பாய்,

தேர் முடிந்தது. நீங்கள் வரவில்லை. கடையில் ஆள் இல்லை என்று கார்டு போட்டிருந்தீர்கள். பரவாயில்லை, நீங்கள் வந்த மாதிரிதான் இருந்தது. எப்படி என்று கேளுங்கள்.

நேற்று மதியத்துக்கு மேல் கிளம்பினோம். முன்னால் நானும் ராக்கம்மாளும், பின்னால் ராசப்பன், கட்டுப் பிரித்த கையோடு. டிரெய்லர் மேல் ஒரு ஈ கூட உட்காரவில்லை. பாலம் முழுக்க மஞ்சள் துணிதான். தீச்சட்டி ஏந்தியவர்கள், பால்குடக்காரர்கள், குழந்தைகள். நடக்கிறவர்கள் வேகத்துக்கே பாலத்தில் வந்தேன். இறக்கத்தில் ரோடு கொஞ்சம் விட்டுக்கொடுத்தது, பதினைந்து மைல் இருக்கும். அப்போது வலது பக்கக் கூட்டத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் திடீரென்று குறுக்கே வந்தார்கள். தோளில் கரும்புத் தொட்டில். இரண்டு பேருக்கும் நடுவே மஞ்சள் சேலை தொங்குகிறது, அதற்குள் குழந்தை. வேண்டிப் பெற்ற குழந்தை, நேர்த்திக்கடன். அவர்கள் அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டு, எங்களைத் திரும்பியே பார்க்காமல் வந்தார்கள்.

மிதித்தேன்.

பச்சை வண்டி நின்றது. அதற்குள் என் காது பின்னால் போய்விட்டது, பாய். டிரெய்லர் வரும், குறுக்கே திரும்பும், அந்தப் பக்கம் நடக்கிற ஜனத்தை வாரும் என்று. ஒரு முட்டு முட்டியது, முதுகில் தட்டுவது மாதிரி. அவ்வளவுதான். நேராக நின்றது. கரும்பின் தோகை எங்கள் பேனட்டில் உரசியது. அவ்வளவு கிட்டத்தில்.

அந்த ஆள் திரும்பிப் பார்த்து, "ஆரன் அடிக்க மாட்டீங்களாண்ணே?" என்றான். அந்தப் பெண் தொட்டிலுக்குள் பார்த்து, சேலையைச் சரிசெய்துகொண்டு நடந்துபோய்விட்டாள். குழந்தை முழிக்கக் கூட இல்லை. ராக்கம்மாள் என்னைப் பார்த்தாள். நான் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பேன் என்று பார்த்தாளோ என்னவோ. நான் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டேன். "நல்லா அழுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். சொல்ல மாட்டாளாம். டீக்கடை வரைக்கும் போயிருக்கிறது.

ராத்திரி முழுக்க நம்ம விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் போகிற ஒவ்வொரு கரும்புத் தொட்டிலையும் எட்டிப் பார்த்தேன், அந்தக் குழந்தைதானா என்று. அடையாளம் தெரியவில்லை.

அந்த இரண்டு பேருக்கும் என்ன நடக்காமல் போயிற்று என்றே தெரியாது, பாய். யாருக்கு நன்றி சொல்வது என்றும் தெரியாது. அவர்கள் அம்மனுக்குச் சொல்லியிருப்பார்கள், அது சரி. புதுப்பேட்டையில் பழைய சாமான் விற்கிற ஒருத்தருக்கு அவர்கள் சொல்ல வேண்டிய பாக்கியை, மூன்றாம் வகுப்பு எழுத்தில் நான் எழுதுகிறேன். வாங்கிக்கொள்ளுங்கள். பஷீர் அகமதுக்கு ஒரு துஆ செய்யும்போது இந்த ஸ்ரீரங்கத்தானுடையதையும் சேர்த்துச் செய்யுங்கள். எங்கள் முறை உங்களிடம் செல்லுமோ செல்லாதோ, நீங்கள் சேர்த்தால் செல்லும்.

பெரியண்ணன்


புதுப்பேட்டை
20-4-1963

அண்ணே,

கடிதத்தை ஷரீபாவிடம் கொடுத்து இரண்டாம் தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். துஆ செய்தேன். உங்களுடையதையும் சேர்த்துத்தான்.

பதினைந்து மைல் வேகத்தில் ஒரு டன்னுக்கு மேலே திடீரென்று நிறுத்தியிருக்கிறீர்கள். ஒரு முட்டு முட்டியது என்கிறீர்கள். அந்த முட்டை வாங்கியது கொக்கியின் போல்ட். அதை நிறுத்திய பிறகு கழற்றிப் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள், அழுதுகொண்டிருந்திருப்பீர்கள். வளைந்திருந்தாலும் மேலே பார்த்தால் தெரியாது. நான் பார்க்கிற வரைக்கும் டிரெய்லரை மாட்டி வெளியே எடுக்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் நானும் ஷரீபாவும் வருகிறோம். புது போல்ட் நாலு கடையில் பொறுக்கி எடுத்துவிட்டேன், பையில் இருக்கிறது. மைத்துனரிடம் திரும்பி வருகிற நாளைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

டீக்கடையில் என்னை பிரேக் பாய் என்ற பழைய பேரிலேயே கூப்பிடச் சொல்லுங்கள். வேறு பேரில் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

ராக்கம்மாளிடம் சொல்லுங்கள். முதல் காபி எனக்கு.

சாதிக்